அத்தியாயம் 9: லாரி இன்ஜினுக்கு ஆயில் கேட்ச் கேன் பொருத்துதல்

சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் எந்த லாரிப் பட்டறைக்குள் நுழைந்தாலும், இன்ஜினை ஒட்டி ஒரு குழாய் தரையைப் பார்த்துத் தொங்குவதைக் காணலாம். நுனியில் கறுப்பாக ஆயில் திரண்டிருக்கும். அதுதான் பிரீத்தர் குழாய். அதில் சொட்டும் ஆயில் சேஸிஸில் படிந்து, குவாரித் தூசியோடு சேர்ந்து தார் மாதிரி இறுகிவிடுகிறது. பிறகு எது ஆயில் லீக், எது பிரீத்தர் ஆயில் என்று மேஸ்திரிக்கே தெரியாமல் போகிறது. புதிய வண்டிகள் பலவற்றில் இந்தக் குழாய் வெளியே தொங்காது. டர்போவின் வாய்க்கே திரும்பிப் போகும். அங்கே சொட்டுவது இன்டர்கூலருக்குள் சொட்டுகிறது.

இரண்டு வகையிலும் நடுவழியில் ஒரு டப்பா வைத்து ஆயிலைப் பிடிப்பதுதான் கேட்ச் கேன். வேலை அரை நாள். ஆனால் டப்பாவைவிட ஹோஸ் முக்கியம். ஹோஸைவிட இன்ஜின் எந்த நிலையில் இருக்கிறது என்பது முக்கியம்.

தெரிந்துகொள்ள வேண்டிய அளவு தியரி

பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் புகை சம்ப்புக்குள் இறங்குவது எல்லா டீசல் இன்ஜினிலும் உண்டு. நம் பட்டறைகளில் இதற்குப் பெயர் பேக் கம்ப்ரஷன். இறங்கிய புகை வெளியேறியே ஆக வேண்டும். இல்லையென்றால் உள்ளே அழுத்தம் ஏறி, ஆயில் சீல் வழியாகவும் டிப் ஸ்டிக் வழியாகவும் ஆயிலைத் தள்ளிவிடும். வெளியேறும்போது அது ஆயிலைத் துளித்துளியாகத் தூக்கிக்கொண்டு போகிறது. அகலமான டப்பாவுக்குள் வந்ததும் புகையின் வேகம் குறையும். வலையில் மோதிய துளிகள் அடியில் இறங்கிவிடும். மீதிப் புகை மேல்வழியாகப் போகும்.

இதனால் மைலேஜ் கூடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இன்டர்கூலர் சுத்தமாக இருக்கும், டர்போ ஹோஸ் ஊறிப் போய்க் கழன்று அடிக்காது, இன்ஜினின் அடிப்பக்கம் காய்ந்திருக்கும். இவ்வளவுதான் லாபம்.

முதலில் உங்கள் வண்டி எந்த ரகம்?

பி.எஸ். 3 காலம் வரை வந்த பெரும்பாலான லாரிகளில் பிரீத்தர் திறந்த வகை. இவற்றில் கேன் வைப்பது சுலபம். கற்றுக்கொள்ள நினைப்பவர்கள் இதில் தொடங்குங்கள்.

பி.எஸ். 4 (நாடு முழுவதும் 2017 ஏப்ரல் முதல்) வண்டிகளில் பல, மூடிய வகை. டேப்பட் கவரின் மேல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் டயாஃப்ரம் வால்வு இருக்கலாம். அதைக் கழற்றி எறிந்துவிட்டுக் கேன் வைப்பதைப் பல இடங்களில் செய்கிறார்கள், தவறு. வால்வு இருந்த இடத்திலேயே இருக்கட்டும். வால்வுக்கும் டர்போவுக்கும் நடுவில் கேன் வர வேண்டும்.

பி.எஸ். 6 (2020 ஏப்ரல் முதல்) வண்டியைத் தொடாதீர்கள். ஆயிலைப் பிரிக்கும் ஏற்பாடு அதில் கம்பெனியிலிருந்தே இருக்கும். சென்சார் ஏதாவது ஒன்று தப்பாகப் படித்தால் டேஷ்போர்டில் விளக்கு எரியும், வாரண்டியும் கேள்விக்குறியாகும். தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது என்பதும் நினைவிருக்கட்டும். பி.எஸ். 4 மூடிய பிரீத்தரை வெளியே திறந்துவிடுவதும் இதே காரணத்தால் கூடாது.

நாமக்கல் பக்கம் கேஸ் டேங்கர் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை: அந்த வண்டிகளில் இன்ஜின் பகுதியில் எந்த மாற்றத்தையும் சொந்தமாகச் செய்ய வேண்டாம். இந்த அத்தியாயம் உங்களுக்கு அல்ல.

இன்ஜின் கேனுக்குத் தகுதியாக இருக்கிறதா?

"பேக் கம்ப்ரஷன் அடிக்குதுங்ணா, ஒரு கேன் வெச்சுட்டாச் செரியாப் போயிரும்" என்று சொல்லி வேலையை முடிக்கப் பார்ப்பார்கள். ரிங் தேய்ந்த இன்ஜினுக்குக் கேன் வைத்தால் ஆயில் கேனில் நிறையும், அவ்வளவே. கேன் வாங்கும் முன் இந்தச் சோதனைகளை வரிசையாகச் செய்யுங்கள்.

1. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜின் ஆறியபின் ஆயில் அளவைப் பாருங்கள். மேல் கோட்டுக்கு மேலே இருந்தால் முதலில் அதை இறக்குங்கள். அளவுக்கு மேல் ஊற்றிய ஆயிலே பிரீத்தர் வழியாகக் கக்குவதற்குக் காரணமாக இருக்கலாம்.

2. இன்ஜினை நன்றாகச் சூடேற்றி, ஐடிலில் விட்டு, ஆயில் ஊற்றும் மூடியை மெதுவாகத் திறந்து அதே வாயின் மேல் கவிழ்த்து வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை. தூக்கி எறிந்தாலோ, புகை குபுகுபு என்று வந்தாலோ, கேனை மறந்துவிட்டு லைனர், பிஸ்டன், ரிங் பற்றிப் பேசுங்கள்.

3. இதைப் பலர் தவறவிடுகிறார்கள்: ஏர் பிரேக் கம்ப்ரஸரைச் சோதியுங்கள். கம்ப்ரஸரின் ரிங் தேய்ந்திருந்தால் அதன் காற்று ஆயில் திரும்பும் வழியாக இன்ஜின் சம்ப்புக்குள் இறங்கும். பார்ப்பதற்கு அச்சு அசலாகப் பேக் கம்ப்ரஷன் மாதிரியே இருக்கும். ஏர் டேங்கைக் காலி செய்துவிட்டு இன்ஜினை ஓட்டுங்கள். டேங்க் ஏறும்போது பிரீத்தரில் புகை அதிகமாக வந்து, டேங்க் நிறைந்து 'புஸ்' என்று காற்று விட்டபின் சட்டென்று குறைந்தால், கோளாறு கம்ப்ரஸரில். இன்ஜினைப் பிரிக்கும் செலவு மிச்சம்.

4. டர்போவின் சீல் போனாலும் காற்று ஆயில் திரும்பும் குழாய் வழியாக சம்ப்புக்கு வரும். டர்போவின் காற்று வாயைத் திறந்து, தண்டை விரலால் ஆட்டிப் பாருங்கள். இன்ஜின் நின்று, ஆறியபின் மட்டும்.

5. அழுத்தத்தை அளந்து எழுதிவையுங்கள். தெளிவாக உள்ளே தெரியும் மெல்லிய டியூப் 2 மீட்டர் எடுத்து 'யு' வடிவில் ஒரு பலகையில் கட்டி, பாதிவரை தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனையை டிப் ஸ்டிக் குழாயில் காற்றுப் போகாமல் மாட்டுங்கள். மறுமுனை திறந்திருக்கட்டும். சூடான இன்ஜினை ஐடிலிலும், பிறகு லோடு இல்லாமல் முழு வேகத்திலும் ஓட்டி, இருபக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மி.மீ. கணக்கில் குறியுங்கள். உங்கள் இன்ஜின் கையேட்டில் வரம்பு கொடுத்திருந்தால் அதோடு ஒப்பிடுங்கள். கேன் மாட்டிய பிறகு இதே அளவு மறுபடியும் தேவைப்படும்.

கேன்: வாங்குவதா, அடிப்பதா?

ஆன்லைனில் சிவப்பும் நீலமுமாகப் பளபளக்கும் அலுமினியக் கேன்கள் கிடைக்கின்றன. பெரும்பாலும் கார்களுக்கானவை, அரை லிட்டர்கூடக் கொள்ளாது, ஹோஸ் மாட்டும் வாய் விரல் நுழையாத அளவு சிறியது. 6 சிலிண்டர் லாரி இன்ஜினுக்கு அது பொம்மை. சிறிய வாய் புகையை நெரிக்கும்; நெரித்தால் கிராங்க் ஆயில் சீல் போகும்.

கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லாத ஊர் கோயம்புத்தூர். வரைந்து கொடுத்தால் ஒரே நாளில் அடித்துக் கொடுத்துவிடுவார்கள். அளவுகள் இவை:

- உடல்: உள்விட்டம் 100 மி.மீ., உயரம் 250 மி.மீ. உள்ள ஸ்டீல் குழாய். ஏறத்தாழ 2 லிட்டர் கொள்ளும். தகடு 2 மி.மீ. போதும்.
- உள்வாய்: பக்கவாட்டில், உயரத்தின் நடுவுக்குச் சற்று மேலே. குறுக்கே சாய்வாக ஒரு தகடு வைத்து, புகை அதில் மோதிக் கீழே திரும்பும்படி செய்யச் சொல்லுங்கள்.
- வெளிவாய்: மேல் மூடியில்.
- இரண்டு வாயின் உள்விட்டமும் பிரீத்தரின் உள்விட்டத்தைவிட ஒரு மி.மீ.கூடக் குறையக்கூடாது. வெர்னியரில் அளந்து எழுதிக் கொடுங்கள், கண்ணளவு வேண்டாம்.
- வலை: உள்வாய்க்கு மேலே, ஓட்டை போட்ட இரண்டு தகடுகளுக்கு நடுவே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி வலை. 25 மி.மீ. பிரீத்தருக்கு ஒவ்வொரு தகட்டிலும் 6 மி.மீ. ஓட்டை 50-க்குக் குறையாமல் வேண்டும். அப்போதுதான் ஓட்டைகளின் மொத்தப் பரப்பு குழாயைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு வரும்.
- அடியில்: அரை இஞ்ச் பித்தளை பால் வால்வு, அதன் வாயில் ஒரு மரைமூடி. வால்வை யாராவது தெரியாமல் திருகினாலும் மூடி காப்பாற்றும்.
- மேல் மூடி போல்ட் போட்டுக் கழற்றும்படி இருக்க வேண்டும். முழுக்க வெல்டிங் அடித்துவிட்டால் வலையை எப்படிக் கழுவுவீர்கள்?

எச்சரிக்கை: பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை அப்படியே திணித்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு இழை பிய்ந்து டர்போவுக்குள் போனால், சுற்றும் பிளேடு சேதமாகும். வலை இரண்டு தகடுகளுக்கு நடுவே இறுக்கமாக அடைபட்டிருக்க வேண்டும். இரும்பு நார் கூடவே கூடாது, துருப்பிடித்து உதிரும்.

பட்டறையிலிருந்து வந்த கேனை நேராக வண்டியில் மாட்டாதீர்கள். உள்ளே வெல்டிங் கசடும் லேத் சீவலும் இருக்கும். டீசல் ஊற்றிக் குலுக்கி, கொட்டி, காற்றடித்து, வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் பொடி ஒட்டாத வரை கழுவுங்கள்.

ஹோஸ்

கடையில் "ஆயில் ஹோஸ்" என்று கேட்டு, நைட்ரைல் ரப்பர்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ரேடியேட்டர் ஹோஸ் ஆயிலில் ஊறி உப்பிவிடும். மோட்டார் பம்பு ஊரான கோயம்புத்தூரில் சுலபமாகக் கிடைக்கிறதே என்று பச்சை சக்‌ஷன் ஹோஸை வாங்கி மாட்டுகிறவர்களும் உண்டு. சூட்டில் அது முதலில் தளர்ந்து, பிறகு உடையும்.

வழியைப் பொறுத்தவரை ஒரே விதி: ஹோஸ் எங்கும் தொட்டில்போல் தொங்கக்கூடாது. பள்ளத்தில் ஆயிலும் தண்ணீரும் தேங்கினால் குழாய்க்கு அடைப்பு வைத்த கணக்கு. பிரீத்தரிலிருந்து கேன் வரை தொடர்ந்து இறக்கமாகவே வர வேண்டும். கேனைப் பிரீத்தருக்கு மேலேதான் வைக்க முடியும் என்றால், ஹோஸ் முழுக்க இன்ஜினைப் பார்த்துச் சாய்ந்திருக்கட்டும். படிவது சம்ப்புக்கே திரும்பிவிடும்.

எங்கே மாட்டுவது?

டர்போ, எக்ஸாஸ்ட் இவற்றிலிருந்து ஒரு சாண் தூரமாவது தள்ளி. நடுவே ஒரு தகட்டுத் தடுப்பு இருந்தால் இன்னும் நல்லது. கேன் கசிந்தால் சொட்டும் ஆயில் சூடான பாகத்தில் விழக்கூடாது, தீப்பிடிக்கும். ஃபேன், பெல்ட், பிரேக் ஏர் லைன், வயரிங் ஆகியவற்றை உரசக்கூடாது. அடி வால்வுக்குக் குனிந்தாவது கை எட்ட வேண்டும். எட்டாத இடத்தில் வைத்த கேனை யாரும் வடிக்க மாட்டார்கள்.

பெரும்பாலான லாரிகளில் சேஸிஸின் செங்குத்துப் பக்கத்தில் ஏற்கெனவே உள்ள ஓட்டைகளே போதும். சேஸிஸின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் துளையிடாதீர்கள், வெல்டிங் வைக்காதீர்கள். பாரம் தாங்குவது அந்த விளிம்புகள்தான். விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும்.

பொருத்தும் முறை

தேவையானவை: கேன், அளவெடுத்த ஹோஸ், ஹோஸ் கிளாம்ப் நான்கு, 5 மி.மீ. கனமுள்ள இரும்புப் பட்டையில் செய்த பிராக்கெட், எம்10 போல்ட், லாக் நட், ரப்பர் வாஷர், ஸ்பானர் செட், கட்டுக்கம்பி, கையுறை, வீல் கட்டை.

1. இன்ஜினை அணைத்து ஆறவிடுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, முன்னும் பின்னும் வீல் கட்டை வையுங்கள்.
2. கேபினைத் தூக்கும் வண்டி என்றால், தூக்கியபின் லாக் விழுந்ததா என்று கையால் அசைத்துப் பாருங்கள். லாக் இல்லாத கேபினுக்கு அடியில் தலை போகக்கூடாது.
3. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். பிராக்கெட்டில் வெல்டிங் தேவைப்பட்டால் வண்டியை விட்டுக் கீழே வைத்து அடியுங்கள்.
4. பிரீத்தர் வாயைச் சுற்றிலும் துடைத்துவிட்டுப் பழைய ஹோஸைக் கழற்றுங்கள். திறந்த வாயில் சுத்தமான துணியைச் சுற்றிக் கட்டிவிடுங்கள். உள்ளே திணிக்க வேண்டாம்.
5. பழைய ஹோஸின் உட்புறத்தைப் பாருங்கள். கசடு இறுகியிருந்தால் பிரீத்தர் குழாயையும் கம்பி பிரஷ் விடாமல் டீசலால் கழுவுங்கள்.
6. பிராக்கெட்டைச் சேஸிஸில் ரப்பர் வாஷர் வைத்து மாட்டி, போல்டைப் பாதி மட்டும் முறுக்குங்கள்.
7. கேனை நிமிர்ந்த நிலையில் வையுங்கள். சாய்ந்தால் வலையை ஆயில் தொடும்.
8. ஹோஸை வெட்டும் முன் கட்டுக்கம்பியை வழி நெடுகிலும் வளைத்து நீளம் பாருங்கள். இன்ஜின் அதன் மவுண்டிங்கில் ஆடும், சேஸிஸ் ஆடாது. அதற்காக 2 இஞ்ச் தளர்வு சேர்த்து வெட்டுங்கள்.
9. திறந்த வகை: பிரீத்தரிலிருந்து கேனின் உள்வாய்க்கு ஹோஸ். வெளிவாயில் லாரி அளவுக்கான சிறு ஃபில்டர், அல்லது கீழ்நோக்கிய குழாய். இன்ஜின் ஆறும்போது பிரீத்தர் காற்றை உள்ளே இழுக்கும் என்பதால், குவாரி, எம்-சாண்ட் வண்டிகளுக்கு ஃபில்டர் அவசியம்.
10. மூடிய வகை: டயாஃப்ரம் வால்விலிருந்து கேனுக்கு, கேனின் வெளிவாயிலிருந்து டர்போவுக்கு முன்னால் பழைய ஹோஸ் இருந்த அதே இடத்துக்கு. புதிதாக எங்கும் துளையிடாதீர்கள்.
11. கிளாம்பை முறுக்குங்கள். ரப்பர் பிதுங்கும் வரை முறுக்குவது பலமல்ல; ஹோஸை அறுத்துவிடும்.
12. கேபினை இறக்கி, மறுபடி தூக்கி, எங்காவது ஹோஸ் நசுங்கிய தடம் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு எல்லா போல்டையும் முழுக்க முறுக்கி, பேட்டரியை இணையுங்கள்.
13. இன்ஜினைச் சூடேற்றி, யு-டியூப் அளவை மறுபடி எடுங்கள். சில மி.மீ. கூடியிருந்தால் சரி. முன்பிருந்ததைப்போல இரண்டு மடங்கானால் எங்கோ நெரிக்கிறது: வலை அடர்த்தியாக இருக்கும், அல்லது ஹோஸ் மடிந்திருக்கும். சரிசெய்யாமல் வண்டியை ரோட்டுக்கு எடுக்காதீர்கள்.

குறிப்பு: திறந்த வகை வண்டியில் "சேர்த்தே செய்துவிடலாம்" என்று கேனின் வெளிவாயை ஏர் ஃபில்டர் குழாயில் இணைக்க ஆசைப்படாதீர்கள். அந்த இன்ஜின் அதற்காக அமைக்கப்பட்டதல்ல. ஏர் ஃபில்டர் அடைத்துக்கொண்டால் இழுப்பு கூடி, கேனிலிருந்தும் சம்ப்பிலிருந்தும் ஆயிலை உறிஞ்சும்.

அணைத்தாலும் நிற்காத இன்ஜின்

மூடிய வகையில் கேனை வடிக்காமல் விட்டால் வரும் பெரிய ஆபத்து இது. நிறைந்த கேனிலிருந்து ஆயில் டர்போ வழியாக சிலிண்டருக்குள் போனால், டீசல் இன்ஜின் அந்த ஆயிலையே எரித்து ஓடும். சாவியை அணைத்தாலும், ஸ்டாப் கேபிளை இழுத்தாலும் நிற்காது, நிறுத்தப்பட்டது டீசல்தானே. வேகம் ஏறிக்கொண்டே போகும்.

டிரைவருக்கும் கிளீனருக்கும் இதைச் சொல்லிவையுங்கள்: டாப் கியர் போட்டு, கால் பிரேக்கை முழுதாக மிதித்து, ஹேண்ட் பிரேக்கும் போட்டு, கிளட்சைச் சட்டென்று விட வேண்டும். இன்ஜின் திணறி நின்றுவிடும். வண்டிக்கு முன்னால் ஆள் நிற்கக்கூடாது. நிற்கவில்லை என்றால் காற்று இழுக்கும் வாயைத் தட்டையான பலகையாலோ தகட்டாலோ மூடலாம். கையாலும் துணியாலும் மூடவே கூடாது. இன்ஜின் அலறத் தொடங்கி, பக்கத்தில் போகவே பயமாக இருந்தால் விலகி ஓடுங்கள். இன்ஜின் போனால் போகட்டும்.

வடிப்பதும் எழுதுவதும்

மாட்டிய பிறகு முதல் 500 கிலோமீட்டரில் ஒரு தடவை வடித்து, அளவுக் குவளையில் எத்தனை மி.லி. என்று பாருங்கள். டிரிப் நோட்டில் டீசல் கணக்குக்குப் பக்கத்திலேயே இதற்கும் ஒரு கட்டம் போடுங்கள். உங்கள் வண்டிக்கு எவ்வளவு நாளைக்கு ஒரு தடவை வடிப்பது என்பதை அந்தக் கணக்கே சொல்லும். கேன் பாதியைத் தாண்ட விடாதீர்கள். சேலத்திலிருந்து லோடோடு தொப்பூர் ஏறும் முன், பண்ணாரியிலிருந்து திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளைத் தொடும் முன் வடித்துவிடுவது நல்லது. நீண்ட ஏற்றத்தில்தான் புகையும் அதிகம், வளைவில் ஆயில் தளும்புவதும் அதிகம்.

திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளுக்குக் கிலோமீட்டர் கணக்கு உதவாது. போர் போடும்போது வண்டி நிற்கும், இன்ஜின் முழு லோடில் மணிக்கணக்கில் ஓடும். மணிக் கணக்கில் வடியுங்கள்.

வடித்தது மோர் மாதிரி வெளுத்திருந்தால் பதற வேண்டாம். மார்கழிக் காலையில் குளிர்ந்த கேனில் நீராவி படிந்து ஆயிலோடு கலந்தது அது. டிப் ஸ்டிக்கிலும் அதே வெளுப்பு இருந்தால் கதை வேறு: ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே இறங்குகிறது, வண்டியை ஓட்டாமல் ஹெட் கேஸ்கட்டையும் லைனர் ரிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள். இமாச்சல், காஷ்மீர் பக்கம் குளிர்காலத்தில் லோடு போகிறவர்கள் தினமும் இரவில் இன்ஜின் சூடாக இருக்கும்போதே வடித்துவிடுங்கள். தேங்கிய தண்ணீர் உறைந்தால் பிரீத்தர் முழுக்க அடைத்துக்கொள்ளும்.

ஒவ்வொரு ஆயில் சர்வீஸின்போதும் மேல் மூடியைக் கழற்றி வலையை டீசலில் கழுவி, ஹோஸை அமுக்கிப் பாருங்கள். உப்பியோ விறைத்தோ இருந்தால் மாற்றுங்கள்.

நோட்டில் எழுதிய அளவு டிரிப்புக்கு டிரிப் ஒரே மாதிரி இருந்து, திடீரென்று இரண்டு மடங்கானால், கேன் தன் வேலையைச் செய்கிறது, இன்ஜின் செய்யவில்லை. மேலே சொன்ன 5 சோதனைகளையும் மறுபடி செய்யுங்கள்.

வடித்த ஆயிலை வடிகட்டி மறுபடி சம்ப்பில் ஊற்றாதீர்கள். அதில் தண்ணீரும் கரியும் அமிலமும் கலந்திருக்கும். சாக்கடையிலோ காட்டோரத்திலோ கொட்டவும் வேண்டாம். கழிவு ஆயில் அபாயகரக் கழிவுகள் பற்றிய 2016-ஆம் ஆண்டு விதிகளுக்குள் வருகிறது. மூடியுள்ள கேனில் சேர்த்து வைத்து, ஆயில் மாற்றும் பட்டறையில் கழிவு ஆயில் பீப்பாயில் ஊற்றிவிடுங்கள். அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சிக்காரர் அங்கிருந்து எடுத்துச் செல்கிறாரா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.